ரசிகர்கள் பகிரும் காதல் காமிக்ஸை ஏன் கீழே வைக்க முடிவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய, கொரிய காதல் காமிக்ஸை ரசிகர்களே மொழிபெயர்த்து இணையத்தில் பகிர, அவற்றைப் படிக்கத் தொடங்கியவர்கள் பல ஆண்டுகளாகியும் விட முடியாமல் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில ஆண்டுகள் அத்தகைய குழு ஒன்றில் பக்கங்களில் எழுத்துப் பொருத்தும் வேலை செய்தவன் என்பதால், வாசிக்கும் பக்கத்தையும் தயாரிக்கும் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல முயன்றிருக்கிறேன்.

எந்தக் காமிக்ஸைப் பற்றிப் பேசுகிறோம்?

முதன்மையாக ஷோஜோ மங்காவைப் பற்றி. மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ்; ஷோஜோ என்றால் ஜப்பானிய மொழியில் இளம்பெண். பெண்களுக்கான மாத, வார இதழ்களில் தொடராக வந்து, பிறகு தொகுதிகளாக அச்சாகும் படக்கதைகள் இவை. நகயோஷி 1954இலும், ரிபோன் 1955இலும், மார்கரெட் 1963இலும் தொடங்கிய இதழ்கள். ஆரம்பத்தில் இவற்றில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1970களில் ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ போன்ற பெண் படைப்பாளிகள் ஒரு தலைமுறையாக எழுந்து வந்து, பெண்ணின் மனத்துக்குள் நடப்பதையே கதையின் களமாக மாற்றினார்கள். அவர்களில் பலர் 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஷோவா 24ஆம் ஆண்டு என்பதால், '24ஆம் ஆண்டுக் குழு' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. இணையத்துக்காகவே வரையப்படும் கொரியக் காமிக்ஸான வெப்டூன்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ரசிகர்கள் பகிர்வது என்றால் என்ன? ஓர் அத்தியாயம் வாசகரிடம் எப்படி வந்து சேர்கிறது?

பக்கங்களை ஸ்கேன் செய்து மொழிபெயர்ப்பதால் இதற்கு ஸ்கேன்லேஷன் என்ற பெயர் வந்தது. ஒருவர் ஜப்பானிய இதழை வாங்கிப் பக்கங்களை ஸ்கேன் செய்வார். அந்த மூலப் பக்கங்களை 'ரா' என்பார்கள். இன்னொருவர் மொழிபெயர்ப்பார். கிளீனர் என்பவர் பேச்சுக்குமிழ்களுக்குள் இருக்கும் ஜப்பானிய எழுத்தை அழித்து, காகிதத்தின் பழுப்பை வெளுப்பாக்குவார். ஓவியத்தின் மேலேயே எழுதப்பட்ட சொற்களை அழித்த இடத்தில் மறைந்துபோன கோடுகளை ரீட்ராயர் மீண்டும் வரைவார். டைப்செட்டர் புதிய சொற்களைக் குமிழுக்குள் பொருத்த, கடைசியாக ஒருவர் பிழை பார்ப்பார். இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே வேலை செய்கிறார்கள்.

எனக்கு இன்னும் நினைவிருக்கும் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மழைக்கு ஒரு கூரையின் கீழ் ஒதுங்கிய பெண்ணின் தோளில், அவன் தன் மேல்சட்டையைப் போடுகிறான். பேச்சே இல்லை. அவளுடைய கூந்தலின் மேல் 'டோகி' என்று கையால் எழுதப்பட்டிருந்தது. இதயத் துடிப்பைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிச்சொல் அது. அதை அழித்தபோது கூந்தலின் ஒரு பகுதி காணாமல் போனது. எங்கள் குழுவின் ரீட்ராயர் அந்த விரற்கடை அளவு இடத்தில் ஒவ்வொரு மயிரிழையாக வரைந்து முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. வாசகர் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கக்கூடிய நேரம் நான்கு விநாடிகள். அந்த நான்கு விநாடிகள் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் இரண்டு மாலைகளைக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது, இந்தப் பிடிப்பு வாசகரிடம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் தொட்டவர்களிடம் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் அத்தியாயத்திலேயே மனம் ஒட்டிக்கொள்வது எதனால்?

ஓவிய முறையால். ஷோஜோ மங்காவில் கண்கள் பெரியவை. முகத்தின் மற்றப் பகுதிகள் இரண்டு மூன்று கோடுகளில் முடிந்துவிடும். விவரம் குறைந்த முகத்தில் வாசகர் தன்னை எளிதில் வைத்துப் பார்த்துவிடுகிறார். அடுத்தது, குமிழுக்கு வெளியே மிதக்கும் சொற்கள். கதாநாயகி வாயால் ஒன்றைச் சொல்ல, அவள் மனம் சொல்வது கட்டத்தின் வெள்ளைப் பரப்பில் தனியாக நிற்கும். சுற்றியிருக்கும் யாருக்கும் கேட்காதது வாசகருக்கு மட்டும் கேட்கிறது. அகப்பாடலில் தலைவி தோழியிடம் மட்டும் மனத்தைத் திறப்பாள் அல்லவா, அந்தத் தோழியின் இடத்தில் வாசகரை உட்காரவைக்கும் வடிவம் இது. ஒருவரின் இரகசியத்தைச் சுமக்கத் தொடங்கிவிட்டால், அது என்ன ஆயிற்று என்று தெரியாமல் எழுந்து போவது கடினம்.

கட்டங்களின் எல்லைக்கோடுகளும் பல இடங்களில் இருக்காது. உருவம் இரண்டு மூன்று கட்டங்களைத் தாண்டி நிற்கும். பின்னணியில் பூக்கள் விரியும். கணம் ஒன்று நீள்வதைப் படமாகவே காட்டும் வழி அது. பேரமைதியைக்கூட 'ஷீன்' என்ற ஒலிச்சொல்லாக எழுதும் மரபு ஜப்பானியக் காமிக்ஸில் உண்டு.

கதை நகர்வதே இல்லை; ஆனாலும் ஏன் விட முடிவதில்லை?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். ஷீனா கருஹோவின் 'கிமி நி தொடோகே' 2017இல் நிறைவடைந்த தொடர்; மொத்தம் 30 தொகுதிகள். நீண்ட கருங்கூந்தலும் தயக்கமும் கொண்ட சவாகோ என்ற மாணவியை, பேய்ப்படத்தில் வரும் சதாகோவின் பெயரால் வகுப்பினர் கூப்பிடுகிறார்கள். கஸெஹயா என்ற மாணவன் மட்டும் அவளிடம் இயல்பாகப் பேசுகிறான். அவர்களுடைய மனம் ஒருவர்பால் ஒருவர் சாய்ந்திருப்பது வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குத் தெரியவர எத்தனையோ தொகுதிகள் ஆகின்றன.

இதைக் கதையின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அகத்திணையில் களவு, கற்பு என்று இரண்டு நிலைகளை வகுத்தவர்கள் நம் முன்னோர். ஷோஜோ மங்காவின் பெரும்பகுதி களவிலேயே நிற்கிறது. பார்த்தல், ஐயுறுதல், ஊரார் பேசும் அலர், தோழியின் தலையீடு என்று ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயமாக விரிகிறது. வெளியே எதுவும் நகராதபோது உள்ளே ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது: போன மாதம் பார்வையைத் தாழ்த்தியவள், இந்த மாதம் தாழ்த்தவில்லை. இதைக் கவனிக்கக் கண் பழகிவிட்ட வாசகருக்கு மற்றக் கதைகள் அவசரமாகத் தெரிகின்றன.

முடிவடையாத காரியம் மனத்தில் தங்கிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை மனிதர்கள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதினார். பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் அதை ஒரே அளவில் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும், சொல்ல வாயெடுத்த ஒரு பெண்ணின் முகத்தோடு அத்தியாயம் முடிந்துவிட்டால் அடுத்த நாள் முழுவதும் அது கூடவே வரும் என்பதை, தொடர்கதை படித்த எவருக்கும் சோதனை வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை. வார இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து அட்டை போட்டு வைத்திருந்த வீடுகள் நம்மிடையே எத்தனை!

முடிவு தெரிந்த கதைதானே, அதில் என்ன ஆர்வம்?

சேர்வார்கள் என்பது தெரியும்; எந்தச் சொல்லால் சேர்வார்கள் என்பது தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் அச்சாகியிருந்தும், தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம்.

ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி அழைத்ததற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

புதிதாக வருபவர்களுக்கு இது புரிவதில்லை. பழகியவர்களோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பல ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பள்ளி மாணவர்கள் பொதுவாக ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரோடு 'சான்', 'குன்' என்ற ஒட்டுகளைச் சேர்த்து அழைப்பார்கள். குடும்பப் பெயரை விட்டு, ஒட்டையும் விட்டு, இட்ட பெயரை மட்டும் ஒருவன் சொல்வது இருவருக்கும் இடையே இருந்த கதவு ஒன்றைத் திறப்பதற்கு நிகர். கொரியக் கதைகளில் மரியாதைப் பேச்சான 'ஜொன்தேமல்' நின்று, நெருங்கியவர்களின் பேச்சான 'பன்மல்' தொடங்கும் இடம் அப்படிப்பட்டது.

ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி முன்னிலையில் பேசிக்கொள்வதால் இந்த மாற்றம் காணாமல் போய்விடும். வணிகப் பதிப்புகள் பல, இந்த ஒட்டுகளை நீக்கிவிட்டு வாசிப்பை எளிதாக்கின. ரசிகர் குழுக்கள் பெரும்பாலும் ஒட்டுகளை அப்படியே வைத்து, பக்கத்தின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக இரண்டு வரி எழுதின. ரசிகர் பதிப்பின்பால் வாசகர்கள் கொண்ட பற்றுக்கு, அது விலையில்லாமல் கிடைத்தது என்பதோடு இந்தக் கவனமும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் வாசகருக்கு அந்தக் குறிப்புகூடத் தேவைப்படாது. 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'நீ' என்று மாறும் கணத்தை நாம் அறிவோம். கணவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு பெயரை உச்சரிப்பதற்காக ஏங்கும் கதாநாயகி அந்நியமாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்தின் வழியாகப் படித்துக்கொண்டே, மனத்துக்குள் நம்மில் பலர் தமிழில்தான் கேட்கிறோம்.

இரவு இரண்டு மணிவரை ஏன் படிக்கத் தோன்றுகிறது?

இரண்டு விதமான வாசிப்பு இருக்கிறது. முடிந்துபோன தொடரைப் படிப்பவருக்கு அடுத்த அத்தியாயம் ஒரு விரல் தொடுகையில் இருக்கிறது. தகாயா நத்ஸுகியின் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' 1998 முதல் 2006 வரை வெளிவந்து 23 தொகுதிகள் ஆனது. எட்டு ஆண்டுகள் காத்திருந்து படிக்கும்படி அமைக்கப்பட்ட கதையை ஒரே வாரத்தில் படித்தால், ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் அடுத்த இதழ் வரும்வரை தாங்குவதற்காக வைக்கப்பட்ட கொக்கி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இழுக்கும். தூக்கம் கெடுவதற்குக் காரணம் வாசகரின் மனவலிமைக் குறைவு மட்டும் அல்ல.

நடந்துகொண்டிருக்கும் தொடரைப் படிப்பவரின் நிலை வேறு. இதழுக்குத் தேதி உண்டு. ரசிகர் குழுவுக்குத் தேதி கிடையாது. மொழிபெயர்ப்பாளருக்குத் தேர்வு, கிளீனருக்குக் காய்ச்சல், ரா கிடைக்கவில்லை என்று அத்தியாயம் மூன்று நாளிலும் வரலாம், மூன்று மாதத்திலும் வரலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் திரும்பத் திரும்பத் தேடும் பழக்கத்தை விடாப்பிடியாக உண்டாக்குகிறது என்பது பி. எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்தே உளவியலில் நிலைபெற்ற செய்தி. காலையில் கண் விழித்ததும், பேருந்தில் ஏறியதும், படுக்கப் போகுமுன்னும் ஒரு முறை பார்த்துக்கொள்ளும் கை அப்படித்தான் பழகியது. எங்கள் குழுவில் யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. தாமதத்துக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

தனியாகப் படிப்பதற்கும் ரசிகர்களோடு சேர்ந்து படிப்பதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. கதாநாயகி யாருடன் சேர வேண்டும் என்று அணி பிரிவதை ஷிப்பிங் என்பார்கள். தோற்கப்போகும் இரண்டாம் நாயகனை நினைத்து வருந்துவதற்கு 'செகண்ட் லீட் சிண்ட்ரோம்' என்று பெயரே இருக்கிறது. புதிய அத்தியாயம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைப் படிக்காவிட்டால் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. பிந்தினால் யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் இந்தக் கதைகளைப் பற்றிப் பேச ஆளில்லாத ஒரு பெண்ணுக்கு, வேறொரு நாட்டில் அதே பக்கத்தைப் பார்த்து அதே நிமிடத்தில் கலங்கிய ஒருத்தி கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. கதை பிடிக்காமல் போன பிறகும் பலர் தொடர்வதற்கு அந்தத் தோழமையே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொரிய வெப்டூன்களும் இதே வகையா?

பிடிப்பு ஒன்றுதான், பொறி வேறு. கைபேசித் திரையில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிப்பதற்காக வரையப்படுபவை அவை. பக்கத்தைத் திருப்பும் அதிர்ச்சிக்குப் பதிலாக, நீண்ட வெற்றிடம் காலமாகிறது. இரண்டு முகங்களுக்கு இடையே விரல் கடக்க வேண்டிய தூரமே தயக்கம். காங் ஃபுல் 2003இல் டௌம் தளத்தில் தொடங்கிய காதல் தொடர் இந்த வடிவத்தைப் பரவலாக்கியவற்றுள் முக்கியமானது. நேவர் தளம் தொடர்களுக்குக் கிழமை வகுத்துக் கொடுத்தது. ககாவ் பேஜ் தளம் 2014இல் 'காத்திருந்தால் இலவசம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நேரம் பொறுத்தால் அடுத்த அத்தியாயம் தானே திறக்கும், பொறுக்காதவர் காசு கொடுக்கலாம். காத்திருப்பையே விற்பனைப் பொருளாக்கிய ஏற்பாடு இது. காசு கொடுக்க வழியில்லாத, அல்லது தங்கள் நாட்டில் வெளியாகாத தொடரைத் தேடும் வாசகர்கள் ரசிகர் பதிப்புக்கு வந்து சேர்கிறார்கள்.

கதைவகையிலும் ஒரு மாற்றம் உண்டு. கொரியாவின் காதல்-கற்பனைக் கதைகளில் நாயகி இறந்து, தன் கடந்த காலத்துக்கே திரும்புகிறாள், அல்லது தான் படித்த நாவலின் துணைப்பாத்திரமாகக் கண் விழிக்கிறாள். செய்த தவறு தெரிந்த மனத்தோடு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் என்ற ஆசை, முப்பதைக் கடந்த வாசகிகளை ஈர்ப்பதில் எனக்கு வியப்பில்லை.

பாதியில் நின்றுபோன கதையைக்கூட ஏன் மறக்க முடிவதில்லை?

யஸாவா ஐயின் 'நானா' 2000இல் தொடங்கி, 21 தொகுதிகளோடு 2009இல் ஆசிரியரின் உடல்நலக் குறைவால் நின்றது. டோக்கியோ செல்லும் ரயிலில் அடுத்தடுத்து உட்கார்ந்த, ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களின் கதை அது. அதைப் படித்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். முல்லைத் திணையின் உரிப்பொருளுக்கு 'இருத்தல்', அதாவது காத்திருத்தல், என்று பெயரிட்டவர்களுக்கு, இந்த வாசகர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்காது.

இதைப் போதை என்று சொல்லலாமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், வீடியோ விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. காமிக்ஸ் வாசிப்பு இடம்பெறவில்லை. எனவே விரும்பிப் படிப்பவரை நோயாளி என்று அழைப்பது தவறு. ஆனால் தூக்கம், படிப்பு, வேலை, மனிதர்களோடு பேசும் நேரம் ஆகியவை தொடர்ந்து சுருங்குமானால், படித்து முடித்தபின் நிறைவு வருகிறதா, வெறுமை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வெறுமையே மிஞ்சுகிறது என்றால், காமிக்ஸுக்கு முன்பே அங்கே ஏதோ ஒரு துயரம் இருந்திருக்கக்கூடும். அதை ஒருவரிடம் சொல்லிக்கொள்வது, கைபேசியைப் பிடுங்கி வைப்பதைவிடப் பயன் தரும்.

இளம்பெண்களுக்குக் காதலைப் பற்றித் தவறான எண்ணம் வந்துவிடாதா?

இந்தக் கவலையை ஒதுக்கிவிட என்னால் முடியாது. 1992இல் மார்கரெட் இதழில் தொடங்கிய கமியோ யோகோவின் 'ஹனா யோரி தாங்கோ' தைவான், ஜப்பான், கொரியா மூன்றிலும் தொலைக்காட்சித் தொடராகிப் பெரும் புகழ் பெற்றது. அதன் நாயகன் தொடக்கத்தில் நாயகியைக் கொடுமைப்படுத்துபவன். பெண்ணைச் சுவரோரம் நிறுத்திக் கையால் சுவரை அறையும் காட்சிக்கு 'கபெதோன்' என்ற பெயரே ஏற்பட்டு, 2014இல் ஜப்பான் முழுவதும் புழங்கும் சொல்லானது. படத்தில் நெஞ்சு படபடக்கும் அந்தச் செயல், நேரில் நடந்தால் அச்சுறுத்தல். வாசகிகளில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். இருந்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படிப்பவரோடு பெரியவர் ஒருவர் சேர்ந்து படித்து, 'இவன் இப்படிச் செய்தது உனக்குச் சரியாகப் பட்டதா?' என்று கேட்பது நல்லது. கேட்பவர் கதையைப் படித்திருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ரசிகர் பதிப்பு சட்டப்படி சரியா?

சரியல்ல. மொழிபெயர்க்கும் உரிமை படைப்பாளிக்கு உரியது; இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. 2010இல் ஜப்பானின் 36 பதிப்பகங்களும் சில அமெரிக்கப் பதிப்பகங்களும் சேர்ந்து ஸ்கேன்லேஷன் தளங்களுக்கு எதிராகக் கிளம்பின. அந்த ஆண்டே ஒன்மங்கா என்ற பெரிய தளம் தன் பக்கங்களை நீக்கியது. 2025 மே மாதத்தில், ரசிகர் பதிப்புகளைத் தொகுத்துத் தரும் மங்காடெக்ஸ் தளம் 700க்கும் மேற்பட்ட தொடர்களை நீக்க நேர்ந்தது.

குழுக்களுக்கும், அவர்கள் உழைப்பை எடுத்து விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் தளங்களுக்கும் வேறுபாடு உண்டு என்று நாங்கள் சொல்லிக்கொண்டதுண்டு. ஓரளவு அது உண்மை. ஆயினும், மாதந்தோறும் முப்பது நாற்பது பக்கங்கள் வரைந்து கொடுக்கும் பெண்ணுக்கு அந்த வேறுபாட்டால் ஒரு ரூபாயும் சேரவில்லை. தொடருக்கு முறையான பதிப்பு வந்ததும் எங்கள் குழு வெளியிடுவதை நிறுத்திவிடும். இதைச் சில வாசகர்கள் துரோகம் என்றார்கள். நான் இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். முறையான பதிப்பு கிடைக்கும் தொடரை அதிலேயே படியுங்கள். ஒரு தொகுதியாவது விலை கொடுத்து வாங்குங்கள்.

முழுவதும் விடாமல், குறைத்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்யலாம்?

நடந்துகொண்டிருக்கும் தொடர்களை மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுத்தாமல், அடுத்த அத்தியாயத்தின் நடுவில், யாரோ தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் சாதாரணமான பக்கத்தில் நிறுத்துங்கள். கொக்கி இல்லாத இடத்தில் எழுந்து போவது எளிது. புதிய அத்தியாயத்துக்கு அறிவிப்பு வைத்துக்கொண்டு, நீங்களாகச் சென்று தேடுவதை விட்டுவிடுங்கள். முடிந்தால் அச்சிட்ட தொகுதியைப் படியுங்கள். அதில் ஐந்தாறு அத்தியாயங்கள் முடிந்ததும் பின்னட்டை வந்துவிடும்.